இலை விடுகிறது, பூக்கவில்லை: கொழும்புத் தொடர்மாடியில் லில்லி வளர்ப்பவர்களுக்கு

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் பன்னிரண்டு வீடுகள். அவற்றில் ஏழு வீட்டுப் பல்கணிகளில் லில்லிச் சாடி இருக்கிறது. லிப்டில் சந்திக்கும்போது என்னிடம் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “தங்கச்சி, இலை நல்லா விடுது, பூக்கிறதில்லை. ஏன்?”

எங்கள் வீட்டிலும் இதே கேள்வி பதினைந்து வருடங்களுக்கு மேல் இருந்தது. விடை கிடைத்தபோது அது தோட்டக்கலையோடு நின்றுவிடவில்லை. 1996இல் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நடந்த ஒரு விடயத்துக்கும் அதுவே விளக்கமாக இருந்தது. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆளில்லாத வீட்டில் பூத்த பூ

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்ட இரவில் எனக்கு ஏழு வயது. இணுவிலில் இருந்து கொடிகாமம் போய்ச் சேர இரண்டு நாள் எடுத்தது. ஆறு மாதம் கழித்து, தென்மராட்சியும் இராணுவத்திடம் போன பிறகு, 1996 ஏப்ரல் கடைசியில் திரும்பி வந்தோம். வீட்டில் கதவு இல்லை, யன்னல் இல்லை. ஓட்டில் பாதி இல்லை. கிணற்றடியில் அம்மா வரிசையாக வைத்திருந்த லில்லி மட்டும் நின்றது. அதுவும் சும்மா நிற்கவில்லை. இலையே இல்லாமல், ஒவ்வொரு தண்டிலும் இரண்டு மூன்று செம்மஞ்சள் பூவோடு நின்றது.

ஆறு மாதமாக ஒருவரும் தண்ணீர் ஊற்றாத செடி எப்படிப் பூத்தது? அம்மா அதைப் பிள்ளையாரின் செயல் என்றே பலருக்கும் சொல்லிவந்தார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

1998இல் அண்ணாவை வெளியில் அனுப்பும் அலுவலாகக் கொழும்புக்கு வந்தோம். அப்போது தரைப்பாதை இல்லை. கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ். அம்மா ஆறு லில்லிக் கிழங்கைப் பழைய பத்திரிகையில் சுற்றிச் சேலைகளுக்கு நடுவில் வைத்திருந்தார். பொதியைச் சோதித்தவர் ஒன்றை எடுத்து மணந்து பார்த்து, “வெங்காயமா?” என்று கேட்டார். அம்மா ஓம் என்று தலையாட்டினார். அந்த ஆறும் முதலில் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறையின் யன்னல் விளிம்பில், பால்மாத் தகரப்பேணிகளில் இருந்தன. பிறகு வெள்ளவத்தை வாடகை வீட்டுப் பல்கணிக்கு வந்தன.

வந்த பிறகு பூக்கவேயில்லை. இலை மட்டும் பச்சைப் பசேலென்று வருடம் முழுக்க வந்துகொண்டிருந்தது. “கொழும்புத் தண்ணி அதுக்குப் பிடிக்கேல்லை” என்பார் அம்மா.

முதலில் பெயர்

நாங்கள் லில்லி என்கிறோம். கடைக்காரர் அமரிலிஸ் என்கிறார். தாவரவியலில் இது இரண்டும் இல்லை, ஹிப்பியஸ்ட்ரம். அமரிலிஸ் என்ற பெயர் தென்னாபிரிக்காவின் வேறொரு பூவுக்கு உரியது என்று 1987இல் பேர்லினில் நடந்த சர்வதேசத் தாவரவியல் மாநாட்டோடு முடிவானது. ஆனாலும் உலகம் முழுவதும் கடைகளில் அமரிலிஸ் என்றே விற்கிறார்கள். இந்தக் கட்டுரையில் நானும் லில்லி என்றே எழுதுகிறேன்.

இதன் சொந்த இடம் தென்னமெரிக்காவும் கரிபியன் தீவுகளும். அம்மாவின் செம்மஞ்சள் பூவின் நடுவில் வெளிர்பச்சை நட்சத்திரம் ஒன்று இருக்கும். அது ஹிப்பியஸ்ட்ரம் பூனிசியம் என்ற காட்டினம். வெப்பநாடுகளின் பழைய வீட்டு முற்றங்கள் பலவற்றில் காணப்படுவது இதுதான். கடையில் பெட்டியில் வரும் பெரிய சிவப்பு, வெள்ளை, வரி போட்ட பூக்கள் கலப்பினங்கள். முதல் கலப்பினத்தை 1799இல் உருவாக்கியவர் இங்கிலாந்தின் லங்காஷயரைச் சேர்ந்த ஜோன்சன் என்ற மணிக்கூடு திருத்துபவர். சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட அந்த ஜோன்சன் வகை இன்றைக்கும் வீட்டுக்கு வீடு கைமாறுகிறது.

குமிழுக்குள் என்ன இருக்கிறது

நாங்கள் கிழங்கு என்று சொல்வதைப் பாடப்புத்தகம் குமிழ் என்கிறது. பம்பாய் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாக இருக்கும் அல்லவா? லில்லியின் குமிழும் அப்படித்தான். அந்த வளையங்கள் இலைகளின் அடிப்பாகம். இலை வெயிலில் செய்த உணவு கீழே இறங்கி அங்கே சேமிக்கப்படுகிறது.

முக்கியமான விடயம் இதுதான்: பூவும் அதற்குள்ளேயே உருவாகிறது. ஏறக்குறைய நான்கு இலைக்கு ஒரு பூந்தண்டு என்ற கணக்கில், வெளியே தெரிவதற்குப் பல மாதங்கள் முன்பே மொட்டு உள்ளே அமைந்துவிடுகிறது. இந்த வருடம் பூப்பது போன வருட இலையின் உழைப்பு. பூ முடிந்ததும் “வடிவில்லை” என்று பச்சை இலையை வெட்டுகிறவர்கள் அடுத்த வருடப் பூவை வெட்டுகிறார்கள்.

உணவும் நீரும் உள்ளே இருப்பதால்தான் மண்ணில்லாமல், தண்ணீர் இல்லாமல், இரண்டு மூன்று மாதம் ஒரு பத்திரிகைத் தாளுக்குள் குமிழ் உயிரோடு கிடக்கிறது. ரோசாச் செடியையோ மல்லிகையையோ அப்படிக் கொண்டுபோக முடியாது. எங்கள் ஆட்கள் இடம்பெயர்ந்த வீடுகளில் குரோட்டனும் ரோசாவும் பின்னால் நின்றுவிட, லில்லி மட்டும் பையில் வந்ததற்குக் காரணம் இதுதான். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியும் முன் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை லொட்ஜ்களில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் வேறு இடங்களுக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த நாட்களில் லொட்ஜில் இருந்தவர்கள் எதையாவது வளர்த்தார்கள் என்றால், தூக்கிக்கொண்டு ஓடக்கூடியதைத்தான் வளர்த்தார்கள்.

ஏன் கொழும்பில் பூக்கவில்லை

2013இல் பேராதனையில் தாவரவியல் படித்த சிநேகிதி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பல்கணியைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “அன்ரி, எந்த மாதம் தண்ணி நிப்பாட்டுவீங்கள்?”

“நான் ஒருநாளும் நிப்பாட்டுறதில்லை பிள்ளை.”

அதுதான் காரணம். லில்லி வளர்வது மழைக்காலத்தில், உறங்குவது வரட்சியில். உறக்கம் முடிந்து முதல் ஈரம் பட்டதும் பூந்தண்டு வெளியே வருகிறது. யாழ்ப்பாணத்தில் இதை வானமே செய்துவிடுகிறது. அங்கே பெய்யும் மழையில் பெரும்பகுதி ஒக்ரோபரில் இருந்து டிசம்பர் வரை கொட்டி முடிந்துவிடும். தை, மாசி, பங்குனி வரட்சி. சித்திரையில் ஒன்றிரண்டு மழை.

கொழும்பில் அப்படி இல்லை. வருடத்தில் இரண்டு மழைக்காலம்: ஏப்ரல், மே ஒன்று, ஒக்ரோபர், நவம்பர் மற்றது. நடுவிலும் அடிக்கடி தூறும். ஓரளவு காய்வது ஜனவரியும் பெப்ரவரியும்தான். அந்த இரண்டு மாதமும் செடி வாடுகிறதே என்று நாங்கள் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுகிறோம். செடிக்கு உறக்கம் வருவதே இல்லை. இலைமேல் இலை விட்டுக்கொண்டே இருக்கிறது.

இப்போது 1996ஐப் பாருங்கள். நாங்கள் வெளிக்கிட்ட பிறகு நவம்பர், டிசம்பர் மழையில் கிணற்றடி லில்லி இலை விட்டுக் கொழுத்திருக்கும். தையில் இருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைத்திருக்காது. இலை காய்ந்து விழுந்திருக்கும். சித்திரை மழை விழுந்ததும் தண்டு வந்திருக்கும். நாங்கள் வீட்டில் இருந்திருந்தால், உடுப்புத் தோய்க்கும் தண்ணீர் ஓடி, அவ்வளவு பூ வந்திராது.

இதை நான் விளக்கியபோது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அதிசயத்தை நான் பறித்துவிட்டேன் என்பது ஒரு காரணம். மற்றது, தண்ணீர் கொடுக்காமல் விடுவது அவரால் முடியாத காரியம். கொடிகாமத்தில் ஒரு வாளித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர் அவர். “உயிருள்ள சாமானைத் தண்ணியில்லாமல் விடச் சொல்லுறியோ?” என்று கேட்டார். நீண்ட பேச்சுக்குப் பிறகு மூன்று சாடியில் ஒன்றை எனக்குத் தந்தார். டிசம்பர் நடுவில் அதை உள்ளே எடுத்து, கட்டிலுக்கடியில் சரித்து வைத்தேன். அம்மா அந்தப் பக்கம் கூட்டவே மாட்டார். மார்ச் முதற்கிழமை வெளியே வைத்து ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினேன். மூன்றாம் கிழமை குமிழின் ஓரத்தில் கிளிச்சொண்டு போல ஒன்று எட்டிப் பார்த்தது. ஏப்ரல் தொடக்கத்தில் மூன்று பூ. மற்ற இரண்டு சாடியிலும் இலை மட்டும்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த டிசம்பரில் மூன்று சாடியையும் அவரே உள்ளே தூக்கி வந்தார்.

செய்யவேண்டியது என்ன

கொழும்புக்கான வருட ஒழுங்கைச் சுருக்கமாகத் தருகிறேன்.

டிசம்பர் நடுப்பகுதி: தண்ணீரை நிறுத்துங்கள். பல்கணியில் சாரல் அடிக்கும் என்றால் உள்ளே எடுங்கள். சாடியைச் சரித்து வைப்பது நல்லது, யாரும் மறந்துபோய் ஊற்றமாட்டார்கள்.

ஜனவரி, பெப்ரவரி: எட்டு முதல் பத்துக் கிழமை முழு ஓய்வு. இலை தானாக மஞ்சளாகும். முழுதும் காய்ந்த இலையை மட்டும் எடுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் சில செடிகள் கடைசிவரை ஒன்றிரண்டு பச்சை இலையை விடாது. பரவாயில்லை, தண்ணீரை மட்டும் கொடுக்காதீர்கள். குமிழை அமத்திப் பார்த்தால் இறுக்கமாக இருக்கவேண்டும். மெத்தென்று இருந்தால் அழுகுகிறது.

மார்ச் தொடக்கம்: மேல்மண்ணில் இரண்டு அங்குலத்தை எடுத்துவிட்டுப் புது மண் போடுங்கள். ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டு, தளிரோ தண்டோ தெரியும்வரை மிகக் குறைவாக ஊற்றுங்கள். மூன்று முதல் ஆறு கிழமையில் தண்டு வரும்.

பூத்த பிறகு: வாடிய பூவைக் கிள்ளிவிடுங்கள். தண்டு தானாகச் சோரும்வரை விடுங்கள், அதுவும் பச்சை நிறத்தில் இருக்கும்வரை உணவு செய்கிறது.

மே முதல் நவம்பர் வரை: இது இலைக்காலம். இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை பசளை. இலையை மட்டும் தள்ளும் யூரியா வேண்டாம், பொட்டாசியம் கூடிய பூச்செடிப் பசளை போதும். நவம்பரோடு பசளையையும் நிறுத்துங்கள்.

நடும்போது குமிழின் மேற்பாதி மண்ணுக்கு வெளியே தெரியவேண்டும். முழுதும் புதைத்தால் கொழும்பு மழையில் அழுகிவிடும். சாடி பெரிதாக இருக்கத் தேவையில்லை. குமிழைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி போதும். மண், மணல், கொம்போஸ்ட் சம பங்கு. மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். கடற்கரை கிட்ட இருக்கிறது என்று வெள்ளவத்தை மணலை அள்ளிப் போட்டவர்களை எனக்குத் தெரியும், உப்பில் செடி கருகிவிட்டது. தும்புத்தூள் கலப்பதென்றால் இரண்டு தரம் தண்ணீரில் அலசிப் பிழிந்து போடுங்கள், அதிலும் உப்பு உண்டு. கடல் பார்த்த பல்கணி என்றால் கிழமைக்கு ஒருமுறை ஈரத்துணியால் இலையைத் துடைத்துவிடுங்கள். ஒரு நாளைக்கு நாலைந்து மணித்தியாலமாவது வெயில் வேண்டும்.

சாடிக்குக் கீழே தட்டு வைக்காதீர்கள். தட்டில் தேங்கும் தண்ணீரில் நுளம்பு பெருகும். டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பதே பூச்சாடித் தட்டைத்தான். குடம்பி இருந்தால் வழக்குப் போடுவதற்குச் சட்டம் உண்டு.

இலையிலும் தண்டிலும் செங்கல் நிறத்தில் நீளப் புள்ளி விழுந்தால் அது பங்கசு. அந்த இலையை வெட்டிக் குப்பையில் போடுங்கள், மேலிருந்து தண்ணீர் தெளிக்காதீர்கள். கறுப்பில் வெள்ளையும் சிவப்பும் புள்ளி போட்ட புழு வந்தால் ஒரே இரவில் இலையைத் தின்றுவிடும். கையால் பொறுக்குவதே போதுமானது. சிறிய குட்டிக் குமிழ்கள் தாயின் பக்கத்தில் வரும். சின்ன வெங்காயத்தைவிடப் பெரிதாகி, சொந்த வேர் விட்ட பிறகு ஓய்வுக்காலத்தில் பிரித்து நடுங்கள். பூக்க இரண்டு மூன்று வருடம் எடுக்கும். கலப்பினம் என்றால் குமிழின் சுற்றளவு 20 சென்ரிமீற்றரைத் தாண்டும்வரை பூவை எதிர்பார்க்காதீர்கள்.

வடக்கில் இருப்பவர்களுக்கு இவ்வளவு வேலை இல்லை. பொங்கலில் இருந்து பங்குனி முடியும்வரை அந்தப் பக்கம் தண்ணீர் ஓடாமல் பார்த்துக்கொண்டால் போதும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள் பனி விழும் முன் சாடியை உள்ளே எடுத்து, நிலவறை போன்ற குளிரான இருட்டிடத்தில் பத்துக் கிழமை காயவிடவேண்டும்.

அங்கிருந்து கிறிஸ்மஸ் காலத்தில் விற்கும் அமரிலிஸ் பெட்டியை இங்கே கொண்டுவர ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று: 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குமிழைக் கொண்டுவர அனுமதிப்பத்திரமும், அனுப்பும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் தேவை. கட்டுநாயக்காவில் உள்ள தேசிய தாவரத் தடுப்புக்காப்பு சேவையே இதற்குப் பொறுப்பு. சும்மா பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தால் பறிகொடுக்க நேரும். நோய் வந்தால் பக்கத்து வீட்டுச் சாடிக்கும் பரவும். பத்தரமுல்லை தியத்த உயனப் பூச்செடிக் கடைகளிலேயே பல நிறங்களில் தேடிப் பார்க்கலாம். கைமாற்றிக்கொள்வது இன்னும் நல்லது.

சேர்க்கக்கூடிய மற்றவை

ஒரு லில்லியில் பிடித்தவர்கள் ஒன்றோடு நிற்பதில்லை. சின்ன இடத்தில் சேர்க்கக்கூடியவை இவை. மழை லில்லி: ஒரு சாணுக்குக் குறைவான செடி, வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு. காய்ந்து கிடந்து மழை பெய்த சில நாட்களில் பூக்கும், யோகட் கப்பில்கூட வளரும். பந்து லில்லி: ஏப்ரல், மேயில் முதல் மழையோடு சிவப்புப் பந்துபோல ஒரே ஒரு பூங்கொத்து, மற்ற மாதங்களில் இலை, பிறகு மண் மட்டும். நிலசம்பங்கி: இரவில் மணக்கும், மாலைக்கு ஆகும், நல்ல வெயில் வேண்டும். யூகாரிஸ்: வெயில் குறைந்த கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளுக்கு ஏற்றது, வெள்ளைப் பூ, இதற்கு முழு ஓய்வு கொடுக்கக்கூடாது. விஷமூங்கில்: பெயர் பயமுறுத்தினாலும் கடற்கரைச் செடி, உப்புக்காற்றைத் தாங்கும், இடம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இவற்றின் குமிழ் எதையும் வாயில் வைக்கக்கூடாது. லில்லியிலும் வாந்தி வரவைக்கும் நஞ்சு உண்டு. வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் காயப்போடாதீர்கள்.

நவம்பரில் பூக்கும் மற்றது

இந்தப் பட்டியலில் ஒன்றை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். கார்த்திகைப்பூ. அதுவும் கிழங்கில் இருந்து வருவதுதான்.

கொட்டாஞ்சேனையில் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலில் இருந்து நடக்கும் தூரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அன்ரி இருக்கிறார். புதுக்குடியிருப்பைச் சேர்ந்தவர். 2013இல் தன் காணியைப் பார்க்கப் போனபோது, வேலி இருந்த இடத்தில் படர்ந்து நின்ற கொடியின் அடியில் தோண்டி ஒரு கிழங்கை எடுத்து வந்தார். வீட்டில் இருந்து அவர் எடுத்து வந்த ஒரே பொருள் அதுதான். வேறொன்றும் அங்கே இருக்கவில்லை. அவருடைய மகனைப் பற்றி நான் கேட்டேன். எழுதவேண்டாம் என்றார். எழுதவில்லை.

“முதல் ரெண்டு வருசமும் மொட்டு வந்தவுடனே கிள்ளிப்போட்டன்” என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. விடுதலைப் புலிகள் தமிழீழத்தின் தேசியப் பூவாக அறிவித்தது இதைத்தான். 2024இல்கூட யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலை விளையாட்டுப் போட்டியில் இல்லத்தைக் கார்த்திகைப்பூ வடிவத்தில் அலங்கரித்ததற்காகப் பொலிஸ் விசாரணை நடந்தது.

இதே பூ தமிழ்நாட்டின் மாநிலப் பூ, செங்காந்தள். சிம்பாப்வேயின் தேசியப் பூ. 1947இல் எலிசபெத் இளவரசி ஆபிரிக்காவுக்குப் போனபோது இந்தப் பூவின் வடிவில் வைரத்தில் செய்த அணியூசியை அங்கே பரிசளித்தார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் முதலாவது காந்தள். இலங்கையின் தெற்கிலும் இது காட்டில் தானாக வளர்கிறது, சிங்களத்தில் நியங்கலா. சிங்கள நாட்டுவைத்தியத்திலும் இது உண்டு. திண்டுக்கல், கரூர் பக்கங்களில் விதைக்காக வயலாகவே பயிரிடுகிறார்கள். அதில் இருந்து எடுக்கும் கொல்சிசின் மூட்டுவாத மருந்தாகிறது.

மருந்து என்பதால் பாதுகாப்பானது என்று எண்ணவேண்டாம். இலை, விதை, கிழங்கு எல்லாமே கடும் நஞ்சு. வற்றாளைக் கிழங்கென்று தவறுதலாகச் சமைத்து உண்டவர்கள் இறந்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள், நாய், பூனை இருக்கும் வீட்டில் வளர்க்காதீர்கள். கிழங்கைத் தொட்டால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். யாராவது விழுங்கினால் அறிகுறி வரும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வளர்க்கும் முறை லில்லியின் முறைதான், மாதம் மட்டும் வேறு. கொடி ஜனவரி, பெப்ரவரியில் காய்ந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் ஆவணி, புரட்டாதி வரை உறங்கும். அதுவரை காயவிடவேண்டும். முளை தானாகத் தலைகாட்டினால் மட்டும் முன்னதாகவே தண்ணீர் தொடங்குங்கள். முளைத்து ஏழெட்டுக் கிழமையில் மொட்டு. இலையின் நுனியே சுருண்டு பிடித்து ஏறும் என்பதால் ஈர்க்கோ நூலோ கட்டிக் கொடுங்கள். கிழங்கு ‘வி’ எழுத்தைப்போல இரண்டு கையோடு இருக்கும். ஒவ்வொரு கைக்கும் நுனியில் ஒரே ஒரு முளைக்கண். அது உடைந்தால் அந்தக் கை வராது. ஒவ்வொரு வருடமும் பழைய கிழங்கு சுருங்கிப்போய்ப் புதியது உருவாகும். ஆகவே அன்ரியிடம் இப்போது இருப்பது புதுக்குடியிருப்பில் தோண்டிய அதே கிழங்கு அல்ல, அதில் இருந்து வந்தது.

இப்போது அவர் மொட்டைக் கிள்ளுவதில்லை. சாடி பின்பக்கத் தண்ணீர்த் தாங்கிக்கும் மதிலுக்கும் இடையில், தெருவுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. நவம்பரில் எத்தனை பூ வந்தது என்று கேட்டேன். “பதினொண்டு” என்றார். எண்ணி வைத்திருக்கிறார்.

வெறும் சாடி அல்ல

குமிழ் வளர்ப்பவர்கள் செடியை இழப்பது பெரும்பாலும் நோயால் அல்ல. ஓய்வில் இருக்கும் சாடியில் மண்ணைத் தவிர ஒன்றும் தெரியாது. வீடு கூட்ட வருபவர், புதிதாகக் குடிவந்தவர், ஊரில் இருந்து வந்து நிற்கும் சித்தி, யாராவது ஒருவர் செடி செத்துவிட்டது என்று கொட்டிவிடுவார்கள். அம்மா கொண்டுவந்த ஆறில் இரண்டு அப்படித்தான் போனது. சாடியில் என்ன இருக்கிறது, எந்த மாதம் தண்ணீர் தொடங்கவேண்டும் என்று ஒரு துண்டில் எழுதி, பொலித்தீனில் சுற்றிச் செருகுங்கள். உங்களுக்கு நினைவிருக்கும், மற்றவர்களுக்குத் தெரியாது.

இந்த மாசியில் கொட்டாஞ்சேனை அன்ரி கிழங்கைப் பிரித்தபோது ஒரு கையை எனக்குத் தந்தார். பத்திரிகையில் சுற்றி, நுனி உடையாமல் பழைய கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துத் தந்தார். 155 பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தேன். அம்மா பிரித்துப் பார்த்து, இது என்ன என்று கேட்கவில்லை. “உதை எங்கை வைக்கிறது?” என்று மட்டும் கேட்டார். பல்கணியில் இடமிருந்தும், குளியலறைக்குப் பக்கத்துச் சின்ன யன்னலடியில் வைத்தார்.

அதற்கும் ஒரு துண்டு எழுதினார். பூவின் பெயரைப் போடவில்லை. “எறிய வேண்டாம். புரட்டாதியில் தண்ணீர்” என்று எழுதிச் செருகியிருக்கிறார்.